அச்சம் எங்கே குடியிருக்கின்றது?

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவில் வசிக்கும் என் தங்கை கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மனித உடலின் கோட்டோவியம். ஈரலின் மேல் 'கோபம்' என்றும், நுரையீரலின் மேல் 'துக்கம்' என்றும், மண்ணீரலின் மேல் 'ஓயாத யோசனை' என்றும், இருதயத்தின் மேல் 'மகிழ்ச்சி' என்றும், சிறுநீரகங்களின் மேல் 'அச்சம்' என்றும் எழுதப்பட்டிருந்தது. 'இது பண்டைய சீனர்களின் வைத்திய ஞானம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்ற வேண்டுகோள் கீழே. அதற்கும் கீழே தங்கை தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அண்ணா, கண்டியில் அம்மாவைப் பார்த்த டொக்டரின் சுவரில் இருந்த படம் இதுதானே?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் நான். 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வரும் எதையும் நம்பாதிருப்பது தொழில் கற்றுத்தந்த பழக்கம். ஆயினும் இந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை. 1997ஆம் ஆண்டு இதே போன்றதொரு படத்தின் கீழே என் தாயார் அமர்ந்திருந்தார். அன்று அந்த அறையில் நடந்ததை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதலாம் என்று தோன்றுகின்றது. ஏன் இன்று என்பதை இறுதியில் சொல்கின்றேன்.

*

உறுப்புக்கு ஓர் உணர்ச்சியை ஒதுக்கி வைப்பது சீனர்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. நம் தமிழையே சற்றுக் கவனித்துப் பாருங்கள். பெரும் பயம் வந்தால் நமக்கு ஈரற்குலை நடுங்குகின்றது. பொறாமை வந்தால் வயிறு எரிகின்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிகின்றது. கவலையில் நெஞ்சு கனக்கின்றது. புத்தி பேதலித்தவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்கின்றோம். எங்கள் கண்டி அயலவர்களான சிங்கள மக்களும் உடம்பையும் மனத்தையும் வாதம், பித்தம், சளி என்ற மூன்றின் ஏற்ற இறக்கமாகவே பேசுவார்கள். பேராதனையில் பயின்று பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக விளங்கி, 2025 மார்ச்சில் மறைந்த கணநாத் ஒபேசேகர, ஆயுர்வேதக் கருத்துகள் இலங்கையரின் பண்பாட்டிலும் தனிமனித வாழ்விலும் எவ்வளவு ஆழமாக ஊறியுள்ளன என்று 1976இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கின்றார்.

ஆனால் சீனர்கள் இதனை ஒரு முழுமையான வைத்திய முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அவர்களுடைய ஆதி நூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் இந்நூல் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்டது. பேரரசர் கேள்வி கேட்பார். சி போ என்ற வைத்திய அமைச்சர் விடை சொல்வார். உடலெங்கும் ஓடும் 'சி' என்ற ஆற்றலை நமது பிராணவாயுவோடு ஏறத்தாழ ஒப்பிடலாம். சினம் வந்தால் அது மேலெழுகின்றது, மகிழ்ச்சியில் தளர்கின்றது, துயரத்தில் கரைகின்றது, அச்சத்தில் கீழே இறங்குகின்றது, திடுக்கத்தில் கலங்குகின்றது, யோசனையில் முடிச்சிட்டுக்கொள்கின்றது என்பது அந்நூலின் கருத்து. 1174ஆம் ஆண்டளவில் சென் யான் என்ற வைத்தியர் நோய்க்கான காரணங்களை மூன்றாக வகுத்தார். காற்று, குளிர், வெப்பம் போன்றவை வெளிக்காரணங்கள். ஏழு உணர்ச்சிகள் உட்காரணங்கள். இரண்டிலும் சேராத விபத்து, பாம்புக்கடி போன்றவை மூன்றாவது வகை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். உணர்ச்சியை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. அளவு கடப்பதும் வெளியேற வழியின்றித் தேங்குவதுமே நோய் என்றார்கள். மகிழ்ச்சிகூட மிஞ்சினால் இருதயத்துக்கு ஆகாது! மேலும், அவர்கள் சிறுநீரகம் என்று சொல்வது அறுவைச் சிகிச்சை நிபுணர் காணும் அவரைவிதை வடிவான உறுப்பை மட்டுமல்ல. இடுப்பு, எலும்பு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புதல், காது, காதில் கேட்கும் இரைச்சல், அச்சம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெயரின் கீழ் வந்துவிடுகின்றன.

இடுப்பு, காது, இரவுத் தூக்கம், அச்சம்... இந்த நான்கையும் ஒரே பட்டியலில் கண்டபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் தாயாரின் நோய்ப் பட்டியல்.

*

எங்கள் வீடு கண்டி கட்டுக்கலைப் பகுதியில் இருந்தது. செல்வ விநாயகர் ஆலயத்தின் மணியோசை கேட்கும் தூரம். அப்பா கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் மூத்தவன், படம் அனுப்பிய தங்கை கடைக்குட்டி. 1983 ஜூலையில் எனக்கு 23 வயது, அவளுக்கு ஆறு. நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஜூலை 24ஆம் திகதி இரவு கொழும்பில் தொடங்கிய கலவரம், 26ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் கண்டிக்குப் பரவியது. பேராதனை வீதியில் ஒரு கடை எரிந்தது. பின்னர் காசல் வீதி, கொழும்பு வீதி, கிங்ஸ் வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் வரிசையாகத் தீக்கிரையாகின. அன்று மாலை மாவட்டத்துக்கு ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அப்பா வேலை செய்த கடையும் எரிந்தது. அவர் மலைப்பக்கமாக ஓடித் தப்பினார். அம்மாவும் தங்கையும் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி வீட்டில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார்கள். அவரை நாங்கள் எல்லோரும் 'அக்கே' என்றே அழைப்போம். எங்கள் வீட்டுக் கூரையில் கற்கள் விழுந்தன, தீ வைக்கப்படவில்லை.

இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. கொழும்பில் அகதி முகாமில் இருந்துவிட்டு இரண்டு வாரங்களின் பின் வீடு வந்தபோது, அம்மா எனக்குச் சோறு போட்டார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு நோய் தொடங்கியது. இடுப்பில் நோவு. நெஞ்சு படபடப்பு. காதுக்குள் இரைச்சல். இரவில் நான்கைந்து தடவை எழும்புவார். எங்காவது திடீர்ச் சத்தம் கேட்டால் உடல் தூக்கிவாரிப் போடும். வலது கை தானாக எழுந்து தன் வாயைப் பொத்திக்கொள்ளும். அந்தக் கையசைவை நாங்கள் அனைவரும் பார்த்திருக்கின்றோம். அது அம்மாவின் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

வீடு முழுவதும் மெல்ல மெல்ல ஓசை அடங்கிப்போனது. மணியடிக்கும் சுவர்க்கடிகாரத்தை அப்பா நிறுத்தி வைத்தார். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றினார். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வெடி இல்லை. குழந்தைகள் மாடிப்படியில் ஓடக்கூடாது. ஆகஸ்ட் வந்தால் பெரும் சிக்கல். எசல பெரஹரா புறப்படுவதை அறிவிக்கும் வேட்டுச் சத்தத்தையும், ஊர்வலத்தின் முன்னே வரும் சாட்டைக்காரர்கள் கசையைச் சொடுக்கும் ஒலியையும் அம்மாவால் தாங்க இயலாது. உலகம் எங்கிருந்தோவெல்லாம் கண்டிக்குப் பெரஹரா பார்க்க வரும் நாள்களில், நாங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு மாத்தளை உறவினர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

எவ்வளவு அன்பான குடும்பம் என்று அயலவர்கள் பாராட்டினார்கள். நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

*

பதினான்கு ஆண்டுகள் அம்மா வைத்தியர்களிடம் போய்வந்தார். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று எத்தனையோ பரிசோதனைகள். ஒருவர் வாயு என்றார். ஒருவர் மாதவிடாய் நிற்கும் வயதுக் கோளாறு என்றார். இன்னொருவர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, வீட்டில் சும்மா இருப்பதால் வரும் எண்ணம்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும் என்பது அவருக்குத் தெரியாது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அம்மா பேசவில்லை.

பிற்காலத்தில் நான் படித்த ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1980களின் தொடக்கத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில் 100 நோயாளர்களை ஆராய்ந்தார். அனைவரும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற பெயரில் சிகிச்சை பெற்றவர்கள். தலைவலி, தூக்கமின்மை, களைப்பு என்பனவே அவர்களது முறைப்பாடுகள். அமெரிக்க உளமருத்துவ அளவுகோலின்படி அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மாவோவின் கலாசாரப் புரட்சி ஓய்ந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அவமானப்படுத்தப்பட்டவர்கள், கிராமங்களுக்கு விரட்டப்பட்டவர்கள், உறவுகளை இழந்தவர்கள் எனப் பலர் அவர்களிடையே இருந்தனர். 'என் மனம் சோர்ந்துவிட்டது' என்று அந்நாளில் ஒருவர் சொன்னால் அரசியல் குற்றமாகிவிடலாம். 'எனக்குத் தலைவலி' என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. சொல்ல முடியாததைச் சொல்வதற்கு உடம்பு அவர்களுக்கு ஒரு மொழியாக இருந்தது. இதே கிளைன்மன், பைரன் குட் என்பவருடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட கலாசாரமும் மனச்சோர்வும் பற்றிய தொகுப்பில்தான், நம் ஒபேசேகரவும் இலங்கையின் பௌத்தர்கள் துயரத்தை எப்படிப் பொருள் கொள்கின்றார்கள் என்று எழுதினார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரமும், போரினால் பாதிக்கப்பட்ட நம் மக்கள் மனவடுவை உடல் நோவுகளாகவே வைத்தியரிடம் கொண்டுவருகின்றார்கள் என்று பதிவு செய்திருக்கின்றார்.

1983இற்குப் பிந்திய கண்டியில் ஒரு தமிழ்த் தாய் 'எனக்குப் பயமாக இருக்கின்றது' என்று யாரிடம் சொல்வது? அயலவரிடம் சொன்னால் அவர்களைக் குற்றம் சாட்டுவதாகிவிடும். கணவனிடம் சொன்னால் 'அப்படியானால் இந்தியாவுக்குப் போவோமா' என்ற பேச்சு வரும். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் பயப்படுவார்கள். இடுப்பு நோகின்றது என்று சொல்வதில் மட்டும் எந்த ஆபத்தும் இல்லை.

*

இலங்கையில் அக்குபங்சர் என்றவுடன் என் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருபவர் டொக்டர் அன்டன் ஜயசூரிய. களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு ஆஸ்பத்திரியில் அவர் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு வெளிநாடுகளிலிருந்தும் வைத்தியர்கள் பயில வந்தார்கள். அதுவரை நம் ஊர்களில் சீனர் என்றால் பொய்ப்பல் கட்டும் கடைக்காரர், துணி விற்க வருபவர், சாப்பாட்டுக் கடை நடத்துபவர், அவ்வளவுதான். அக்குபங்சர் வந்த பிறகு ஊசியும் சேர்ந்துகொண்டது.

அப்படி ஊசி மருத்துவம் கற்ற ஒரு வயோதிப சிங்கள வைத்தியர் 1997இல் கண்டி நகரில் சிறிய அறையொன்றில் நோயாளர்களைப் பார்த்துவந்தார். மேலைத்தேய வைத்தியமும் படித்தவர். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அம்மாவை அழைத்துப் போனேன். தங்கையும் உடன் வந்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது. சுவரில் அந்தப் படம். அவள் வெளியே வாங்கில் இருந்தாள். நான் அம்மாவுக்குத் துணையாக உள்ளே இருந்தேன்.

வைத்தியர் இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இடுப்பையும் கணுக்காலையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. பின்னர் சிங்களத்தில் ஒரேயொரு கேள்வி கேட்டார். "அம்மே, இது எப்போது தொடங்கியது?"

எத்தனையோ வைத்தியர்கள் கேட்ட கேள்விதான். 'கனகாலமாக' என்பதே அம்மாவின் வழக்கமான பதில். அன்று அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பின் வைத்தியரைப் பார்த்தார். "83, ஜூலை மாதம். செவ்வாய்க்கிழமை, பின்னேரம்" என்றார், சிங்களத்திலேயே.

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. அம்மா பேசத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டதும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வேலியால் நுழைந்து அக்கே வீட்டுக்கு ஓடினாராம். அக்கே அவர்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் அரிசி மூட்டையை இழுத்து வைத்தாராம். கூட்டம் வாசலுக்கு வந்து 'இங்கே தமிழர் இருக்கிறார்களா' என்று கேட்டது. அந்த வேளை எங்கள் வீட்டுத் தகரக்கூரையில் கற்கள் விழத் தொடங்கின. சின்னவள் அழ வாயெடுத்தாள். அம்மா அவள் வாயை வலது கையால் பொத்தினார். அழுத்திப் பொத்தினார். கூட்டம் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை எடுத்தபோது பிள்ளை அசையவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தலையைப் பிடித்து உலுக்கி, வாயில் ஊதி, மீண்டும் மூச்சு வரும்வரை தான் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்திருந்தேன் என்று அம்மா சொன்னார்.

பதினான்கு ஆண்டுகள் எங்களிடம் தமிழில் சொல்லாததை, முன்பின் அறியாத ஒரு சிங்கள வைத்தியரிடம் சிங்களத்தில் சொல்லி முடித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி தேடி எத்தனையோ அகதி முகாம்களுக்குப் போனவன் நான். முன்பின் தெரியாத தாய்மார்களிடம் 'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று குறிப்பேட்டைத் திறந்து கேட்டவன். என் வீட்டில் ஒரு தடவையும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "மகன், சின்னவளுக்கு இதைச் சொல்லிவிடாதே."

*

அம்மாவுக்குப் பதினைந்து தடவை ஊசி போடப்பட்டது. கணுக்கால், மணிக்கட்டு, உச்சந்தலை. முதல் நாளே இரத்த அழுத்தமும் பார்த்தார் அந்த வைத்தியர். அது மிக அதிகமாக இருந்தது. "இதற்கு என் ஊசி போதாது, பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மாத்திரை எடுக்க வேண்டும், நிறுத்தவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா இறுதிவரை அந்த மாத்திரையை எடுத்தார். ஊசியினால் இரவுத் தூக்கம் ஓரளவு திரும்பியது என்பார். ஊசியாலா, பேசியதாலா, மாத்திரையாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. இடுப்பு நோவு குறைந்ததே தவிரப் போகவில்லை.

அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் என்ற ஹோர்மோன் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்தே வருகின்றது. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, சீனர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று சிலர் எழுதுகின்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சுரப்பிகளைப் பற்றிப் பண்டைய சீனர்கள் அறிந்திருக்கவில்லை. அது ஒரு பொருத்தம், அவ்வளவே. ஆனால் மனத்துயர் உடலைத் தாக்கும் என்பதில் இன்றைய விஞ்ஞானத்துக்கும் ஐயமில்லை. பேரதிர்ச்சியால் இருதயத்தின் ஓர் அறை தற்காலிகமாகச் செயலிழந்து உப்பிப்போவதை ஜப்பானிய வைத்தியர்கள் 1990இல் விவரித்தார்கள். அந்த அறையின் வடிவம் தங்கள் மீனவர்கள் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒக்டோபஸைப் பிடிக்கும் பானையை ஒத்திருந்ததால் அதற்கு 'டகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் வயதான பெண்களையே அது தாக்குகின்றது.

சீன வைத்தியத்தில் என்னை உண்மையாகவே அசைத்தது உறுப்புப் பட்டியல் அல்ல, ஒரு கதை. அம்மாவின் சிகிச்சைக்குச் சில ஆண்டுகளின் பின்னரே அதைப் படித்தேன். ஜாங் சோங்ஜெங் என்பவர் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் வடசீனாவில் வாழ்ந்த புகழ்பெற்ற வைத்தியர். அவருடைய நூலின் பெயர் 'ருமன் ஷிசின்'. கற்றோர் தம் பெற்றோருக்கு ஆற்றவேண்டிய கடமை என்பது அதன் கருத்து. பெற்றோரின் நோயறிவது படித்த பிள்ளையின் பொறுப்பு என்பதாலேயே வைத்திய நூலுக்கு அப்படியொரு பெயர்.

அதில் ஒரு பெண். பிரயாணத்தில் ஒரு சத்திரத்து மாடியில் தங்கியிருந்த இரவு, கொள்ளையர் புகுந்து தீ வைக்கின்றார்கள். அதிர்ச்சியில் கட்டிலிலிருந்து விழுகின்றாள். அன்று முதல் சிறு சத்தம் கேட்டாலும் மயங்கி விழுகின்றாள். வீட்டார் அனைவரும் கால் நுனியால் நடக்கின்றார்கள். வைத்தியர்கள் இருதய நோய் என்று ஓராண்டுக்கு மேல் மூலிகை கொடுக்கின்றார்கள், பலனில்லை. ஜாங் வந்து அவளை ஒரு நாற்காலியில் இருத்தி, இரு பணிப்பெண்களைக் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவள் பார்த்திருக்கும்போதே முன்னாலிருந்த சிறு மேசையைத் தடியால் ஓங்கித் தட்டுகின்றார். அவள் நடுங்குகின்றாள். 'தடியால் மேசையைத் தட்டினேன், இதில் பயப்பட என்ன இருக்கின்றது' என்று கேட்கின்றார். அவள் ஆறியதும் மீண்டும் தட்டுகின்றார். பின் கதவை, பின் முதுகுக்குப் பின்னாலிருந்த யன்னலை. கடைசியில் அவள் சிரித்துவிடுகின்றாள். அன்றிரவு முழுவதும் யன்னலைத் தட்ட ஆள் வைக்கின்றார். சில நாள்களில் இடிமுழக்கத்துக்கும் அவள் அசைவதில்லை. வழக்கமாகிவிட்ட ஒன்று அச்சுறுத்தாது என்பதே அவர் தந்த விளக்கம். 1950களில் ஜோசப் வொல்ப் என்ற உளமருத்துவர் படிப்படியாகப் பயத்தைப் பழக்கும் சிகிச்சையை வகுப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர்!

கால் நுனியால் நடந்த அந்த வீட்டாரைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். அது எங்கள் வீடு. துணி சுற்றிய தாழ்ப்பாளும், நிறுத்திய கடிகாரமும், மாத்தளைப் பயணமும் அம்மாவுக்கு ஆறுதல் தந்தன என்று நினைத்திருந்தோம். 'வெளியே உண்மையாகவே ஆபத்து இருக்கின்றது' என்றல்லவா அவை அவருக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தன!

இதைப் படித்துவிட்டு யாரும் நோயாளியின் யன்னலைத் தட்டப் புறப்பட வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய காரியம். அதைவிட முக்கியமான வேறுபாடும் ஒன்றுண்டு. ஜாங்கின் தடி மேசையை மட்டும்தான் தட்டியது. நம் நாட்டிலோ 1958, 1977, 1981, 1983 என்று தடி திரும்பத் திரும்ப மனிதர்கள் மீதே விழுந்தது. அப்படிப்பட்ட ஊரில் அச்சத்தை நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, கண்டியில் எத்தனை தாய்மார் எத்தனை பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருப்பார்கள்? அவர்களுக்கு எந்த உறுப்பில் ஊசி போடுவது?

*

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. தலதா மாளிகை முன்றிலில் விடுதலைப் புலிகளின் குண்டு லொறி வெடித்தது. பலர் மாண்டனர். நகரமே அதிர்ந்தது. நான் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். அப்பாதான் எடுத்தார். யன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது என்றும், அம்மாவின் கை வழக்கம்போல் வாய்க்குப் போனது என்றும் சொன்னார். சற்று நேரத்தில் அம்மா வாங்கிப் பேசினார். இடுப்பு நோகின்றது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மகன், எனக்குப் பயமாக இருக்கின்றது" என்றார்.

வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் குணமாகிவிட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அன்று அவருடைய அச்சம் இடுப்பிலிருந்து வாய்க்கு வந்துவிட்டது. நான் உடனே கண்டிக்குப் புறப்பட்டேன். செய்தி சேகரிக்க மட்டுமல்ல.

அம்மா 2011இல் காலமானார். கொடுத்த வாக்குப்படி நான் தங்கைக்கு எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை. அந்த அறையின் வாங்கில் அவள் அன்று காத்திருந்தாள் என்பதைக்கூட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், இந்தப் படம் வரும்வரை.

அன்றிரவே அவளுக்கு அழைப்பெடுத்தேன். அம்மாவின் வாக்கை மீறுவதா என்று தடுமாறிக்கொண்டே தொடங்கினேன். "அம்மா அன்று டொக்டரிடம் சொன்னது..." என்றவுடன் அவள் இடைமறித்தாள்.

"தெரியும் அண்ணா. கதவு சாத்தியிருக்கவில்லை."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவளே சொன்னாள்: "அதுக்கு முதலே எனக்குத் தெரியும். அம்மாவின் கையில் வெங்காய வாசம் இருந்தது. மூச்சு முட்டியது ஞாபகம் இருக்கு. என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அம்மா தாங்க மாட்டார் என்று சொல்லாமல் விட்டேன்."

ஆக, எங்கள் வீட்டில் எல்லோருமே கால் நுனியால்தான் நடந்திருக்கின்றோம். தாய் மகளுக்காக, மகள் தாய்க்காக, நான் இருவருக்காகவும். அந்தப் பெண் பிள்ளை அம்மாவிடம் ஒரு தடவை அதைச் சொல்லியிருந்தால், எந்த ஊசியும் செய்யாததை அந்தச் சொல் செய்திருக்கும். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கள், பேரை மட்டும் போட வேண்டாம்" என்றாள்.

அச்சம் சிறுநீரகத்தில் குடியிருக்கின்றதா, ஈரற்குலையில் குடியிருக்கின்றதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது ஒருவருக்கொருவர் கேட்காமல் விட்ட கேள்விகளில் குடியிருந்தது. உங்கள் வீட்டில் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத இடுப்பு நோவோடு ஒரு வயோதிபத் தாய் இருந்தால், முதலில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிறகு அவர் அருகில் ஆறுதலாக உட்கார்ந்து, அந்த வைத்தியர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். 'இது எப்போது தொடங்கியது?' கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.